கூம்புக் குழாய்க்குப் பின்னால் ஒரு ஜாஸ் ராத்திரி

ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் விஷயமே ஆரம்பிக்கிறது!

ஆடி மாசம். ஆட்டையாம்பட்டியிலிருந்து ராசிபுரம் போகிற வழியில் ஓர் ஊர். மாரியம்மன் நோம்பி. சாயங்காலத்திலிருந்து புளியமரத்து உச்சியில் கட்டியிருந்த கூம்புக் குழாய்கள் நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி அம்மன் பாட்டு பாடிக்கொண்டிருந்தன. பத்து மணிக்கு மேல் வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். மைக்செட்காரர் அதில் கறாரானவர். பத்தடிக்கச் சற்று முன்பே ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டார். கடைவீதி வெறிச்சோடியது, பொரிகடலைக்காரர் தார்ப்பாயை இழுத்து மூடினார், பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு சனம் வீட்டுக்குப் போனது. நாங்கள் சில பேர் மட்டும் நகரவில்லை. அடுத்தது என்ன என்று எங்களுக்குத் தெரியுமே!

அவருடைய தகரக் கொட்டகைக்குள் உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன், வாங்க. தலையைக் குனிந்து வரவேண்டும். வாசலிலேயே குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. இடது பக்கம் அகுஜா ஆம்ப்ளிஃபயர்கள். பழைய வால்வு செட் ஒன்றும் இருக்கிறது, போட்டதும் கண்ணாடிக் குமிழ்களுக்குள் ஆரஞ்சு நிறத்தில் கனல் மெதுவாக ஏறும். நேர் எதிரே, சுவரோரமாக, அந்தப் பொக்கிஷம்! பலகையில் அடித்த பெட்டிகள், உள்ளே தடுப்புகள், ஒவ்வொரு தடுப்பிலும் காகித உறைக்குள் ஒரு ரெக்கார்டு. உறை மூலையில் பெயிண்டால் எழுதிய நம்பர். அந்த நம்பர் எந்தப் பாட்டு என்பதற்கு நீளமான கணக்கு நோட்டு ஒன்று உண்டு. ஆனால் அவர் நோட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை. கை தானாகப் போய்ச் சரியான உறையை உருவிவிடும்.

பகலில் குழாயில் போடுகிற பெட்டி வேறு. ராத்திரிப் பெட்டி வேறு. பகல் பெட்டியில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு, அம்மன் பாட்டுகள், கதை வசனத் தட்டுகள். ராத்திரிப் பெட்டியைத் திறந்தால் காதல், காதல், காதல்! சாக்ஸபோன் இழைகிற காதல், பாங்கோஸ் தட்டுகிற காதல், சிகரெட் புகை படர்ந்த கிளப் காட்சியில் கதாநாயகனின் காதோரம் வந்து பாடுகிற காதல். அந்தப் பெட்டியில் பெரும்பாலான தட்டுகள் சேலத்து சரக்கு என்பதுதான் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிற சேதி.

ஆமாம். ஏற்காடு சாலையில் இன்றைக்கும் ஒரு முகப்பு வளைவு நிற்கிறதே, மாடர்ன் தியேட்டர்ஸ், அங்கே பிறந்த படங்களின் பாட்டுகள்!

அந்தக் கம்பெனியைக் கட்டியவர் டி.ஆர். சுந்தரம், நம்ம திருச்செங்கோட்டுக்காரர். நெசவுத் தொழில் படிக்க இங்கிலாந்தில் லீட்ஸ் நகரம் போனவர், படிப்போடு கிளாடிஸ் என்கிற ஆங்கிலேயப் பெண்ணையும் மணந்துகொண்டு திரும்பினார். 1930-களின் நடுவில் சேலத்தில் ஸ்டூடியோ எழுந்தது. 1937-ல் ‘சதி அகல்யா’ வெளிவந்தது. அடுத்த வருஷம் மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ இங்கிருந்துதான் போனது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் இங்கிருந்துதான் வந்தது. ‘மந்திரி குமாரி’ வந்த 1950-ல் எம்.ஜி.ஆரும் கலைஞரும் இந்த வாசலில்தான் புழங்கினார்கள். கண்ணதாசன் இதே கம்பெனியின் கதை இலாகாவில் இருந்திருக்கிறார். கல்லூரி ஆராய்ச்சிகளில் இதெல்லாம் எழுதிவிட்டார்கள். என் ஆசை அதற்குப் பிந்திய பத்து வருஷத்தின் மேல்!

1963-ல் சுந்தரம் காலமானார். மகன் ராமசுந்தரம் பொறுப்புக்கு வந்தார். அதற்கப்புறம் கம்பெனி ஒரு தினுசான உற்சாகத்தோடு துப்பறியும் படங்களாகச் சுட்டுத் தள்ளியது. ‘வல்லவனுக்கு வல்லவன்’ 1965. ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’ இரண்டும் 1966. ‘எதிரிகள் ஜாக்கிரதை’ 1967. ‘சி.ஐ.டி. சங்கர்’ 1970. கோட்டு சூட்டுப் போட்ட ஜெய்சங்கர், துப்பாக்கி, ரகசிய அறை, திறந்த கார், கிளப் டான்ஸ். துப்பறியும் படத்துக்கு மிருதங்கமும் வீணையும் போதாது. டிரம்பெட் வேண்டும், கிடார் வேண்டும், நிழலில் நடந்து வருகிற மாதிரி ஒரு பேஸ் வேண்டும். அந்த இடத்தில்தான் வேதா வருகிறார்.

வேதாசலம் என்கிற வேதா. ‘பார்த்திபன் கனவு’ படத்துக்குப் பல்லவர் காலத்து வாசனையோடு பாட்டுப் போட்ட அதே மனிதர். ‘அன்பே எங்கே’யில் டிங்கிரி டிங்காலே போட்ட அதே மனிதர். மாடர்ன் தியேட்டர்ஸ் வடக்கத்திப் படங்களின் கதையோடு மெட்டுகளையும் எடுத்துக்கொண்டு வரும். அதைத் தமிழ் வாய்க்கும் தமிழ்ச் சொல்லுக்கும் பொருத்தித் தைக்கிற வேலை வேதாவுக்கு. ‘வல்லவனுக்கு வல்லவன்’ படமே இந்தி ‘உஸ்தாதோன் கே உஸ்தாத்’தின் தமிழ் வடிவம்தான். அதில் டி.எம்.எஸ். பாடிய ‘ஓராயிரம் பார்வையிலே’ மெட்டு, இந்தியில் ரவி போட்டது. இதைச் சொல்லி வேதாவை மட்டம் தட்டுகிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஜாஸ் பிழைப்பதே இப்படித்தான்! யாரோ போட்ட மெட்டை எடுத்து, தன் மூச்சில், தன் தாளத்தில், தன் வாத்தியக்காரர்களின் கைப்பழக்கத்தில் புதிதாக்குவது. லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பாடியதில் எத்தனை பாட்டு அவரே போட்ட மெட்டு? அவர் பாடிய பிறகு அது அவருடையது. டி.எம்.எஸ். பாடிய பிறகு ‘ஓராயிரம் பார்வையிலே’ நம்முடையது. சேலம் ஜங்ஷனிலிருந்து கரூர் வரை எந்த டீக்கடையில் கேட்டாலும் இதற்குச் சாட்சி சொல்வார்கள்.

சரி, கொட்டகைக்குத் திரும்புவோம். மைக்செட்காரர் ‘வல்லவன் ஒருவன்’ ஈ.பி.யை எடுத்துவிட்டார்!

ஏழங்குலத் தட்டு. நிமிஷத்துக்கு 45 சுற்று. முதலில் அதை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்கிறார்; வரிகளுக்கு நடுவே தூசி இருந்தால் விளக்கொளி உடைந்து தெரியுமாம். பிறகு ஒரு பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே இருப்பது லாரி பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர்! நாமக்கல் பக்கம் அதற்கு என்றைக்கும் பஞ்சமில்லை. அதில் ஒரே ஒரு சொட்டு ஷாம்பு. வெல்வெட் துணியை நனைத்துப் பிழிந்து, வரி ஓடுகிற போக்கிலேயே வட்டமாகத் துடைக்கிறார். குறுக்கே துடைத்தால் முடிந்தது கதை. நடுவிலிருக்கிற லேபிளில் ஈரம் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொள்கிறார். அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு துடைப்பு, காற்றாட நிறுத்தல். காயும்வரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. அதற்குள் ஆட்டையாம்பட்டி கைமுறுக்கு ஒரு சுற்று வந்துவிடும். முறுக்கு தின்ற கை தட்டுப் பக்கம் நீளக் கூடாது என்பது எழுதாத விதி.

“முள்ளு இறங்கறப்ப சத்தமே வரக்கூடாது கண்ணு. மெல்லமா வெக்கோணும். சில பேரு தாவுதுன்னு முள்ளு மேல காசை வெப்பாங்க. அது பாட்டைக் கொல்ற வேலை” என்றார்.

அவர் சொல்வது அத்தனையும் உண்மை. ஊரூராகப் போன பழைய தட்டுகளில் பாதி இப்படித்தான் செத்தன. மேடைப் பலகை ஆடும், முள் தாவும், உடனே தலையில் நாலணாவை வைப்பார்கள். பாரம் ஏறியதும் முள் தாவாது. ஆனால் வரியின் சுவரை உழுதுகொண்டே போகும். முதலில் சாவது உயர்ந்த அதிர்வெண்கள். அதாவது, பாடகியின் மூச்சு, சிம்பலின் சிலிர்ப்பு, ஸகாரம் ஷகாரம் எல்லாம். காதல் பாட்டில் நமக்கு வேண்டியதே அவைதானே! இவருடைய ராத்திரிப் பெட்டித் தட்டுகள் குழாய்க்குப் போனதே இல்லை. காசைப் பார்த்ததே இல்லை. அதனால்தான் இந்தக் கொட்டகையில் உட்கார இடம் கிடைத்தால் நான் விடுவதில்லை.

கூம்புக் குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதற்கு அடிச் சத்தம் வராது. வாய்ப்பாட்டும் டிரம்பெட்டும் நாகஸ்வரமும் இருக்கிற நடுப்பகுதியை மட்டும் பிடித்து மைல் கணக்கில் வீசும். ராசிபுரம் பக்கம் போதமலை அடிவாரத்தில் விடிகாலையில் கேட்டுப் பாருங்கள், கடலைக் காட்டைத் தாண்டி வருகிற குரலுக்கு ஓர் அழகு உண்டு. ஆனால் பேஸ் கிடார் என்ன வாசித்தது, டிரம்ஸில் பிரஷ் எப்படித் தேய்ந்தது என்பதெல்லாம் அதில் ஏறவே ஏறாது. ஆகவேதான் பத்து மணிக்கு மேல் குழாய்க்குப் போகிற ஒயரைக் கழற்றி, வால்வு செட்டை ஒரு தேக்குமரப் பெட்டி ஸ்பீக்கரில் கோக்கிறார். அறைக்குள் மட்டும் கேட்கிற சத்தம். அதிலும் பாதி அளவு.

முள் இறங்கியது. லேசாக ஒரு கரகரப்பு. அப்புறம்... எல்.ஆர். ஈஸ்வரி!

‘பளிங்கினால் ஒரு மாளிகை.’ கண்ணதாசன் பாட்டு, வேதா இசை. ஆயிரம் முறை ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு துரும்பு தூசியில்லாத ஈ.பி.யில், பெட்டி ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? அந்தக் குரல் ஒரு சொல்லுக்குள் நுழைவதற்கு முன்னால் எடுக்கிற மூச்சு கேட்கும். சொல்லின் கடைசி எழுத்தை விடாமல் சரிய விட்டு, கீழே போய் ஒரு சின்னச் சிரிப்பாக முடிக்கிறாரே, அந்தச் சிரிப்பின் ஈரம் கேட்கும். அன்றைய ரெக்கார்டிங் முறையில் பாடகி ஒரு நாள், வாத்தியம் ஒரு நாள் என்று தனித்தனியாகப் பதிந்து ஒட்டுகிற வசதி கிடையாது. எல்லாரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில், ஒரே டேக். எவராவது பிசகினால் முதலிலிருந்து. அதனால் அந்தப் பாட்டில் நாம் கேட்பது முழுக்க முழுக்க நேரடிக் கச்சேரிதான்.

இங்கேதான் என் நெஞ்சுக்குள் வெகுநாளாகக் கிடக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழில் சோல் பாடகி யார் என்று என்னைக் கேட்டால், ஒரு கணமும் யோசிக்க மாட்டேன். எல்.ஆர். ஈஸ்வரிதான்!

சோல் இசை எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயங்களிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை ஆண்டவனை நோக்கிக் கதறிய அதே கதறலை, சனிக்கிழமை ராத்திரி காதலனை நோக்கித் திருப்பினார்கள். ரே சார்ல்ஸ் 1954-ல் ஒரு தேவாலயப் பாட்டின் அச்சில் ஒரு பெண்ணைப் பற்றிப் பாடியபோது பக்திமான்கள் கொதித்துப் போனார்கள். அரித்தா ஃபிராங்க்ளின் ஒரு போதகரின் மகள். அப்பாவின் சபையில் பாடி வளர்ந்த குரலைத்தான் 1967-ல் ‘ரெஸ்பெக்ட்’ பாட்டில் உலகம் கேட்டது. பக்தியும் மோகமும் ஒரே தொண்டையில், ஒரே வேகத்தில். அதுதான் சோல்.

இப்போது இங்கே பாருங்கள். லூர்து மேரி ராஜேஸ்வரி என்கிற கிறிஸ்தவ வீட்டுப் பெண். அம்மா சினிமாவில் கோரஸ் பாடியவர். மகளும் கோரஸில் நின்றுதான் தொடங்கினார். 1958-ல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி. மகாதேவன் முன்னால் கொண்டுவந்தார். 1961-ல் ‘பாசமலர்’ கல்யாணப் பாட்டு வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்புறம் கிளப் பாட்டு, மயக்கப் பாட்டு எல்லாவற்றுக்கும் அவர்தான். அதே குரல்தான் ‘கற்பூர நாயகியே’ பாடி, ‘செல்லாத்தா’ பாடி, தமிழ்நாட்டு மாரியம்மன்கள் அத்தனை பேரையும் எழுப்பியது. ஆடி மாசம் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். காலையில் குழாயில் ஈஸ்வரி அம்மனை அழைக்கிறார். சாமியாடுகிற பெண்களின் கால் அந்தக் குரலுக்குத்தான் தரையில் நிற்க மறுக்கிறது. அன்றைக்கே ராத்திரி, பக்கத்துத் தெரு மேடையில், மெல்லிசைக் குழுப் பெண் அதே ஈஸ்வரியின் கிளப் பாட்டைப் பாடுகிறாள். கேட்பவர்கள் அதே சனம். யாருக்கும் இதில் எந்த உறுத்தலும் இல்லை. ரே சார்ல்ஸுக்குக் கிடைத்த வசவு ஈஸ்வரிக்குக் கிடைக்கவே இல்லை. எங்கள் மாரியாத்தா அவ்வளவு பெரிய மனசுக்காரி!

மேடை என்றதும் அம்மாபேட்டை ஒத்திகை ஞாபகம் வருகிறது. அதையும் பார்த்துவிடுவோம்.

சேலத்தில் தறிச் சத்தம் ஓய்ந்த பிறகு, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மெல்லிசைக் குழு ஒன்று ஒத்திகை பார்க்கும். டேபிள்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வாழை இலைக் கட்டுகளுக்குப் பக்கத்திலேயே டிரம்ஸ் விரிப்பார்கள். சாக்ஸபோன்காரர் பகல் முழுக்கக் கல்யாண பேண்டு செட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஊதிவிட்டு, அந்தச் சிவப்புக் கோட்டைக் கழற்றிப் போட்டு வந்திருந்தார். பாடுகிற பெண் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சங்கீதம் சுத்தமாகப் படித்தவர். அதுதான் அன்றைக்குச் சிக்கல்! ஒவ்வொரு சொல்லும் தாளத்தின் தலையில் கச்சிதமாக விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருந்தது, பாட்டு மட்டும் வரவில்லை.

பாங்கோஸ் வாசிக்கிற பெரியவர் கையை நிறுத்தினார். “டீச்சரம்மா, தாளம் முன்னால போகட்டும். நீங்க கொஞ்சம் பின்னால வாங்க. அவசரமே இல்லைங்க. அவன் காத்திருப்பான்.”

அவன் என்றால் பாட்டில் வருகிற கதாநாயகன்! கூடமே சிரித்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி எடுத்தார்கள். முதல் சொல் தாளத்தைத் தாண்டி ஒரு மயிரிழை தாமதமாக வந்து விழுந்தது. அடுத்த சொல் இன்னும் கொஞ்சம் தாமதம். மூன்றாவது வரிக்குள் அந்தப் பெண்ணின் தோள் இறங்கி, குரல் இறங்கி, சாக்ஸபோன்காரர் பீப்பியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். அவர் ஊத வேண்டிய இடம் வந்து போயே போய்விட்டது!

பில்லி ஹாலிடே வாழ்நாள் முழுக்கச் செய்த வித்தை இதுதான். தாளத்துக்குப் பின்னால் தங்கிப் பாடுவது. நியூயார்க் கிளப்புகளில் இதற்குப் பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அம்மாபேட்டையில் ‘அவன் காத்திருப்பான்’ போதுமானதாக இருந்தது.

பெரியவரோடு பேச்சு நீண்டது. ஸ்விங் என்கிறார்களே, அந்தத் துள்ளல் எப்படி வருகிறது என்று கேட்டேன். தொடையிலேயே தட்டிக் காட்டினார். ஒரு தட்டை இரண்டாகச் சமமாகப் பிரித்தால் அது மார்ச் பாஸ்ட். மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டையும் சேர்த்து ஒரே தட்டாகப் பிடித்து மூன்றாவதைத் தனியாகத் தட்டினால் ஸ்விங். திஸ்ர நடை தெரிந்த எவருக்கும் இது கைவரும். நையாண்டி மேளக்காரரை டிரம்ஸில் உட்கார வைத்தால் ஒரு வாரத்தில் ஜாஸ் வாசிப்பார் என்று அடித்துச் சொல்கிறார். நானும் நம்புகிறேன். டேவ் பிரூபெக் 1958-ல் தன் குழுவோடு இந்தியா சுற்றியபோது சென்னையில் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டு ஆடிப்போனவர்களில் ஒருவர். அடுத்த வருஷம் அந்தக் குழு பதிந்த ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கைத் தாளம். பால் டெஸ்மண்ட் எழுதியது. உலகமே அந்த ஐந்தில் தடுக்கி விழுந்தது. நம்ம ஊரில் கண்ட சாபு போடுகிற பிள்ளைகள் அதற்குச் சாதாரணமாகத் தலையாட்டும்.

சாக்ஸபோன்காரருக்கு ஆதர்சம் யார் என்று நினைக்கிறீர்கள்? சார்லி பார்க்கர் இல்லை. கத்ரி கோபால்நாத்! 1994-ல் ‘டூயட்’ படம் வந்தபோது ஏ.ஆர். ரஹ்மான் இசைக்கு கத்ரி ஊதினார். அதற்கு முன் நம்ம பக்கத்தில் சாக்ஸபோன் என்றால் ஊர்வலம். அதற்கப்புறம் சாக்ஸபோன் என்றால் காதல். அந்தப் படத்தின் கேசட்டைக் கேட்டுக் கேட்டு ஊதக் கற்றதாகச் சொன்னார் இவர். பிறகு ஒருநாள் கத்ரியும் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து 2008-ல் வெளியிட்ட ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தை யாரோ போனில் அனுப்பியிருக்கிறார்கள். “ரெண்டு சாக்ஸும் சண்டை போடுதுங்க, அப்புறம் கட்டிப் பிடிச்சுக்குதுங்க” என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ரஹ்மான் பெயரை எடுத்துவிட்டு ‘இருவர்’ பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1997 படம். எம்.ஜி.ஆர்., கலைஞர் வாழ்க்கையின் சாயல். மணிரத்னம் அந்த ஸ்டூடியோக் காலத்தைக் காட்ட, ரஹ்மான் அதற்குப் போட்ட பாட்டுகளில் இரண்டு அசல் ஜாஸ். ஹரிணி பாடிய ‘ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி’ ஒன்று, ஆஷா போஸ்லே பாடிய ‘வெண்ணிலா வெண்ணிலா’ இன்னொன்று. மந்திரி குமாரி காலத்துச் சேலம் வாசலில் புழங்கிய அந்த நட்பின் கதைக்கு ஜாஸ்தான் பொருத்தம் என்று ரஹ்மானுக்குத் தோன்றியதே! எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

கொட்டகைக்கு மறுபடி வாருங்கள். பன்னிரண்டு மணி ஆகப்போகிறது, ராத்திரிப் பெட்டியின் அடித்தட்டை இப்போதுதான் திறக்கிறார். இவை வெளிநாட்டுத் தட்டுகள். ஏற்காட்டு எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது பழைய சாமான்காரரிடம் வந்து, அங்கிருந்து இவரிடம் வந்தவை. நாட் கிங் கோல், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, ஓட்டிஸ் ரெட்டிங். காப்பித் தோட்டத்துக் குளிரில் யாரோ இருவர் இவற்றைச் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். ஓர் உறையின் உட்பக்கத்தில் பென்சிலால் இரண்டு முதலெழுத்துகள் மட்டும் இருக்கின்றன. ஓட்டிஸ் ரெட்டிங் 1967-ல், 26 வயதில், விமான விபத்தில் இறந்துபோனவர். கடைசி நாட்களில் பதிந்த பாட்டுதான் அவர் போன பிறகு அமெரிக்காவின் முதலிடத்துக்குப் போனது. மைக்செட்காரருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. “இவன் பாடறது நம்மூரு ஒப்பாரி மாதிரியே இருக்குது, ஆனா காதல்ங்கறாங்க” என்றார். பத்திரிகைகளில் நான் படித்த எந்த விமர்சனமும் ரெட்டிங்கை இவ்வளவு கிட்டத்தில் தொட்டதில்லை.

ஒரு பக்கம் ரெட்டிங், அடுத்து ஈஸ்வரி. ஒரு பக்கம் நாட் கிங் கோல், அடுத்து பி.பி. ஸ்ரீநிவாஸ். இதுதான் அவர் வைத்திருக்கிற வரிசை. யோசித்து வைத்ததா, கை போன போக்கா என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த உறையை உருவினார். நாட் கிங் கோலின் அந்த மெத்தென்ற தாழ்குரல் முடிந்த சூட்டோடு பி.பி. ஸ்ரீநிவாஸ் தொடங்கும்போது, இரண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்ட மாதிரி இருக்கிறது. இருவருமே சத்தம் போட்டுக் காதலிக்காதவர்கள்.

மாடர்ன் தியேட்டர்ஸ் 1980-களின் தொடக்கத்தில் படம் எடுப்பதை நிறுத்திக்கொண்டது. வளாகம் கைமாறி வீடுகளாகிவிட்டது. மிச்சம் அந்த முகப்பு வளைவுதான். படச்சுருள்கள் எத்தனை பிழைத்தன என்பது வேறு பெரிய சோகம். ஆனால் பாட்டுகள் பிழைத்தன. கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சாகி, ரயிலேறி, சேலம் கடைவீதிக்கு வந்து, மைக்செட்காரர்கள் வாங்கி, ஊரூராகச் சுமந்த அந்தத் தட்டுகளால் பிழைத்தன. நூறு படத்துக்கு மேல் எடுத்த ஒரு கம்பெனியின் ஒலியை, யாரும் சம்பளம் கொடுக்காமல், தகரக் கொட்டகைகளில் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் இவர்கள்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்தில் உங்கள் தாத்தா வீடு இருந்தால், இந்த வாரமே பரண் ஏறிப் பாருங்கள். ரெக்கார்டு இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காதீர்கள், நெட்டுக்குத்தலாக நிறுத்துங்கள். வெயில் படக் கூடாது. கனமாக, தொட்டால் கண்ணாடி மாதிரி ஒலிக்கிற 78 சுற்றுத் தட்டாக இருந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே துடைக்காதீர்கள். அது அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். உங்களிடம் பிளேயர் இல்லாவிட்டால் உங்கள் ஊர் மைக்செட்காரரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். ஆடி நோம்பிக்கு அவர் வரும்போது, பத்து மணிக்குக் குழாயை அணைத்த பிறகு, பக்கத்தில் போய், “அண்ணா, ஈஸ்வரி பாட்டு ஒண்ணு போடுங்களேன்” என்று கேளுங்கள். கட்டாயம் போடுவார்.